நோரா குந்திய இடங்கள்

காலை ஏழு மணி ஆகவில்லை. புல்லில் பனி இருந்தது. நோரா குந்தினாள்.

குந்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். என் வலது கை சட்டைப்பைக்குள் இருந்தது. கைக்குள் பந்து. பச்சை றப்பர் பந்து. ஒரு பக்கம் அவளுடைய பல் பட்டுப் பிய்ந்திருந்தது.

"வா" என்றேன். வெடி பார்த்துத் துப்புரவாக்கிய பாதையால் என்னிடம் வந்தாள். வரும்போது இடது முன்னங்காலை மெதுவாக வைத்தாள். என் முன்னால் நின்று சட்டைப்பையைப் பார்த்தாள்.

நான் பந்தைக் கொடுக்கவில்லை.

வாலை ஒரு தரம் ஆட்டினாள். பிறகு நிறுத்தினாள். பிறகும் பார்த்தாள். நான் வேறு பக்கம் பார்த்தேன். கடல் இரைச்சல் கேட்டது. முல்லைத்தீவுப் பக்கத்தில் ஒரு தென்னங்காணி அது. யாருடைய காணி என்பதும் இப்போது மறந்துவிட்டது. அந்தப் பார்வை மறக்கவில்லை.

பஸ் தரிப்பில் ஒரு கேள்வி

மிதிவெடி அகற்றும் வேலைக்குப் போன முதல் நாளைப் பற்றிப் போன கிழமை இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன். அதில் கடைசியில், "பிறகு என்னை நாய்ப் பிரிவுக்கு மாற்றினார்கள்" என்று ஒரு வரி. அதை வாசித்துவிட்டு, பரந்தன் சந்தியில் மரக்கறி விற்கும் அக்கா என்னை பஸ் தரிப்பில் மறித்தா.

"நாயைப் பற்றி ஒரு வரிதானோ?"

"எழுத வராது அக்கா."

"கிணத்தைப் பற்றி ஒரு கிழமை எழுதினாய். மழையைப் பற்றி ஒரு கிழமை எழுதினாய். அந்த நாய் உனக்கு என்னடி செய்தது?"

"அது ஒண்டும் செய்யேல்லை. நான்தான் செய்தனான்."

அவா என் பைக்குள் இரண்டு கத்தரிக்காயைக் கூடப் போட்டா. மேலே கேட்கவில்லை.

கேட்காமல் விட்டதால் எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். நோய்களின் பெரிய பெயர்கள் எனக்கு வாயில் வராது. கண்டதை எழுதுகிறேன்.

பந்து

எனக்கு நாய் என்றால் பயம். சண்டை முடிந்த கையோடு வன்னியில் திரிந்த நாய்களைக் கண்டவர்களுக்கு அந்தப் பயம் விளங்கும். அதை இங்கே எழுதவில்லை.

நாய்ப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர் செல்வம் அண்ணை. முதல் நாள் அவர் ஒரு கூட்டைத் திறந்து விட்டார். மண்ணிறம், கறுத்த மூஞ்சி, நிமிர்ந்த காது. வெளிநாட்டில் பிறந்து, பழகி, விமானத்தில் வந்தவள். கடதாசியில் நோரா என்று இருந்தது. வயது ஒன்றரை.

நான் அசையாமல் நின்றேன். அவள் வந்து என் முழங்காலில் தன் இடது தோளைச் சாய்த்தாள். முழுப் பாரத்தையும் சாய்த்தாள்.

"உனக்குப் பயம் எண்டு அவளுக்குத் தெரியுது" என்றார் செல்வம் அண்ணை. "விழாமல் பிடிக்கிறாள்."

அவளுக்குத் தெரிந்த கட்டளைகள் ஐந்து. ஐந்தும் நான் அறியாத பாஷை. பாடமாக்கினேன். வேலை முடிந்தால் தமிழில்தான் கதைப்பேன். இரண்டும் அவளுக்குச் சரி.

வேலை இதுதான். நிலத்தைப் பத்து மீற்றருக்குப் பத்து மீற்றராகப் பிரித்துச் சிவப்பு நாடா கட்டியிருப்போம். அதைப் பெட்டி என்போம். நாய் நீளக் கயிற்றில் பெட்டிக்குள் போகும். மூக்கை மண்ணில் வைத்துக்கொண்டு நேராகப் போய் நேராகத் திரும்பும். வெடிமருந்தின் மணம் வந்தால் குந்தும். குரைக்காது, கிண்டாது. குந்தும், எங்கள் முகத்தைப் பார்க்கும்.

நாங்கள் அதைத் திருப்பிக் கூப்பிட்டுப் பந்தைக் கொடுப்போம். குந்திய இடத்தைக் குறித்துக்கொள்வோம். பிறகு வெடி எடுப்பவர் வந்து, முழங்காலில் இருந்து, பக்கவாட்டில் மண்ணைச் சுரண்டிச் சுரண்டிப் பார்ப்பார். ஒரு இடத்துக்கு அரை நாளும் போகும்.

நாய்க்கு மிதிவெடி என்றால் என்னவென்று தெரியாது. அதற்குத் தெரிந்தது பந்து மட்டும். ஒரு பந்துக்காகத்தான் இவ்வளவு நிலமும் சனத்துக்குத் திரும்பக் கிடைத்தது.

நோரா பந்தை வாங்கினால் உடனே கடிக்க மாட்டாள். வாயில் வைத்துக்கொண்டு மற்ற நாய்களின் கூடுகளுக்கு முன்னால் ஒரு தரம் நடந்து காட்டுவாள். பிறகுதான் படுத்துக் கடிப்பாள்.

"உன்ரை நாய்க்கு எடுப்பு" என்பார்கள் மற்றப் பெண்கள்.

"வேலை செய்யிறவள். இருக்கட்டும்" என்பேன்.

கால் நலம்

ஒரு வருடம் ஒரு குறையும் இல்லை. அவளுக்கு இரண்டரை வயதானபோது நொண்டல் தொடங்கியது. இடது முன்னங்கால். வெயில் ஏறினால் கொஞ்சம் நொண்டுவாள். பாதத்தைப் பார்த்தேன். நெருஞ்சி முள் ஒன்று இருந்தது. எடுத்தேன். அடுத்த நாள் நல்லாக நடந்தாள். அதற்கடுத்த நாள் திரும்ப நொண்டினாள். திரும்பவும் பார்த்தேன். திரும்பவும் ஒரு முள்.

வன்னியில் நாயின் காலைப் பார்த்தால் முள் இருக்கும். தேடினேன், கிடைத்தது. அதுதான் என்னை ஏமாற்றியது.

மார்பு வாரைக் கட்டும்போது முகத்தைத் திருப்புவாள். வார் வியர்வையில் காய்ந்து விறைத்திருக்கிறது என்று நினைத்துத் தேங்காயெண்ணெய் பூசினேன். இடது கண் தூங்கி வழிவது மாதிரி இருந்தது. தூசி என்று கழுவிவிட்டேன். கால் விரல்களை நக்குவாள், கடிப்பாள். தெள்ளுப் பூச்சி என்று மருந்து போட்டேன்.

ஒவ்வொன்றுக்கும் என்னிடம் ஒரு காரணம் இருந்தது.

காலையில் வேலைக்கு முன் ஒரு புத்தகத்தில் நாயின் நிலையை எழுதவேண்டும். நான் ஒவ்வொரு நாளும் "கால் நலம்" என்று எழுதினேன். நொண்டும் நாயை வேலையிலிருந்து எடுத்துவிடுவார்கள். எடுத்த நாய் வேறு இடத்துக்குக் காவலுக்குப் போகும். நொண்டியைக் காவலுக்கும் எடுக்கமாட்டார்கள். பிறகு ஊசிதான். அந்தப் பயத்தில் எழுதினேன்.

இந்த நாட்களில்தான் அவள் ஒரு பெட்டிக்குள் குந்தினாள். பந்தைக் கொடுத்தேன். தோண்டினார்கள். ஒன்றும் இல்லை.

நாலு நாள் கழித்துத் திரும்பக் குந்தினாள். பந்து கொடுத்தேன். ஒன்றும் இல்லை.

செல்வம் அண்ணை தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"பந்துக்குப் பொய் சொல்லப் பழகிட்டுது, வசந்தி."

"அவள் அப்பிடி இல்லை அண்ணை."

"எல்லா நாயும் அப்பிடித்தான். எல்லா மனுசரும் அப்பிடித்தான். பந்தை நிப்பாட்டு. அவளை அனுப்பாமல் இருக்க வேணுமெண்டால் நிப்பாட்டு."

மூன்றாம் தரம் குந்தினாள். நான் பந்தைக் கொடுக்கவில்லை. தோண்டினார்கள். ஒன்றும் இல்லை. அண்ணை என்னைப் பார்த்துத் தலையாட்டினார். நான் செய்தது சரி என்ற மாதிரி.

நாலாம் தரம்தான் நான் தொடக்கத்தில் சொன்ன காலை.

அன்று மத்தியானம், வெடி எடுக்கும் பெண் கையை உயர்த்தினாள். எல்லோரும் பின்னால் வந்தோம். உள்ளங்கை அளவு மிதிவெடி. தென்னை வேருக்குப் பக்கத்தில், நோரா குந்திய இடத்திலிருந்து ஒரு முழம் தள்ளி.

நான் கூட்டுக்கு ஓடினேன். பந்தை எடுத்தேன். செல்வம் அண்ணை என் பின்னால் வந்து கையைப் பிடித்தார்.

"இப்ப குடுத்தால் அது எதுக்கெண்டு அவளுக்குத் தெரியாது."

அவர் சொன்னது உண்மை. நாய்க்கு அந்த நேரம் மட்டும்தான். நேரம் போனால் போனதுதான். பந்தைத் திரும்பப் பைக்குள் போட்டேன்.

மெய்யும் சொல்லுகிறாள், பொய்யும் சொல்லுகிறாள் என்று அன்று பேசிக்கொண்டார்கள். இன்னும் ஒன்று பிழையானால் அனுப்புவது என்று முடிவு.

தண்ணிச் சட்டி

வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் என் வீட்டுக்காரர் மோட்டார் சைக்கிளில் வந்து என்னை ஏற்றிக்கொண்டு போவார். எங்கள் வீடு கண்டாவளைப் பக்கம். இவருக்குப் பரந்தனில் சைக்கிள் திருத்தும் கடை.

இவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். கடைசிச் சண்டையில் செல் துண்டு ஒன்று இடது பக்கம் புகுந்தது. காயம் ஆறிவிட்டது. துண்டு உள்ளே இருக்கிறது. தொட்டால் கை போய்விடும் என்று டொக்டர்மார் விட்டுவிட்டார்கள். இடது கையில் இரண்டு விரல் எரியும். வெளியில் பார்த்தால் விரலில் ஒரு கீறலும் இல்லை.

கடையில் ரியூப்பில் ஓட்டை பார்க்கிற தண்ணிச் சட்டி இருக்கிறதே, எரிவு கூடினால் அதற்குள் கையை வைத்துக்கொண்டு இருப்பார். வந்தவர்கள் ஓட்டை தேடுகிறார் என்று நினைத்துப் பொறுத்துக்கொண்டு நிற்பார்கள்.

வீட்டில் நான் அந்த இரண்டு விரலையும் எண்ணெய் போட்டுத் தேய்த்துவிடுவேன். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து அதுதான் வழக்கம். அவர் பேசாமல் கையைத் தந்துகொண்டிருப்பார்.

மிதிவெடி எடுத்த அந்த நாள் வெள்ளி. நான் உடுப்புப் பையை எடுத்துவர உள்ளே போனேன். இவர் வேலிக்கு வெளியே மோட்டார் சைக்கிளில் இருந்தபடி நாய்க்கூடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வந்து ஏறினேன். பதினைந்து நிமிடம் ஓடியிருப்போம்.

ஒரு மதகடியில் வேகத்தைக் குறைத்தார்.

"அந்தக் கறுத்த மூஞ்சிதானோ உன்ரை?"

"ஓம். நோரா."

"குடிக்கிற தண்ணிக்குள்ளை காலை வைச்சுக்கொண்டு நிக்குது."

"வெக்கையாக்கும்."

"மற்றக் காலை வைக்கேல்லை. இடது காலை மட்டும் வைச்சது. எடுத்தது. திரும்ப வைச்சது."

"முள்ளுக் குத்தினது. இன்னும் நோ இருக்கும்."

மோட்டார் சைக்கிளை நிறுத்தினார். திரும்பி என்னைப் பார்த்தார்.

"காலிலை ஒண்டும் இல்லை. கமக்கட்டுக்குள்ளை பார்."

"ஏன்?"

"எனக்கும் அங்கைதான்."

எனக்கு விளங்கவில்லை. அவர் வலது கையால் தன் இடது தோளுக்குக் கீழே கமக்கட்டைத் தொட்டுக் காட்டினார்.

"துண்டு இஞ்சை கிடக்குது. எரியிறது விரல். ரியூப்பிலை எண்டால் ஓட்டை இருக்கிற இடத்திலைதான் குமிழி வரும். நரம்பிலை அப்பிடி இல்லை."

நான் மதகிலேயே இறங்கிவிட்டேன்.

"அப்ப இவ்வளவு வருசமும் நான் விரலைத் தேய்ச்சது?"

"ம்."

"நோவுக்கு ஒண்டும் செய்யேல்லையோ?"

"இல்லை."

"ஏன் சொல்லேல்லை?"

வாய்க்காலைப் பார்த்தார். வெள்ளைக் கொக்கு ஒன்று நின்றது.

"நல்லாயிருந்தது. அதுதான் சொல்லேல்லை. ஏறு, போவம்."

கமக்கட்டு

திங்கட்கிழமை விடியப் போய்க் கூட்டைத் திறந்தேன். நோரா முழங்காலில் சாய்ந்தாள். இடது தோளால் இல்லை. எப்போதிருந்து வலது தோளால் சாய்கிறாள் என்று எனக்கு ஞாபகம் வரவில்லை.

நூல் ஒன்றை எடுத்து வலது முன்னங்காலின் மேற்பக்கத்தைச் சுற்றி அளந்தேன். முடிச்சுப் போட்டேன். அதே நூலை இடது காலில் சுற்றினேன். முடிச்சுக்கு முன்னால் இரண்டு விரல் அளவு மிச்சம் இருந்தது. இடது தோளெலும்பு தோலுக்குள் கூராகத் தெரிந்தது. ஒவ்வொரு நாளும் தடவிய கைதான் என் கை.

பிறகு கமக்கட்டுக்குள் விரலை விட்டேன். மெதுவாகத்தான்.

நோரா கத்தினாள். ஒரு வருடத்தில் அவள் கத்தியதை நான் கேட்டதில்லை. கத்திவிட்டு என் கையை வாயால் பிடித்தாள். கடிக்கவில்லை. பந்தைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

செல்வம் அண்ணையிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். புத்தகத்தில் எழுதிய "கால் நலம்" என்ற பொய்யையும் சொன்னேன்.

"அவள் நோவிலை குந்தினவள் அண்ணை. நாங்கள் அதை வெடி எண்டு தோண்டினனாங்கள்."

அந்தப் புத்தகத்தை எடுத்துப் பக்கங்களைப் புரட்டினார்.

"நீ காலை மறைச்சனி. நான் பந்தை நிப்பாட்டினனான். நாயை மட்டும் பொய்க்காரி எண்டம். நல்ல ஆக்கள்."

அன்றே அவளை வேலையிலிருந்து எடுத்தார்கள். அந்த நாட்களில் அவள் பார்த்த பெட்டிகள் எல்லாவற்றையும் ஆட்கள் கருவியோடு திரும்பப் பார்த்தார்கள். அதற்குப் பல கிழமை பிடித்தது. அவள் மணக்காமல் விட்ட வெடி என்று ஒன்றும் இருக்கவில்லை. நோவோடும் மூக்கு சரியாகத்தான் இருந்திருக்கிறது.

எங்கள் பக்கத்து மிருக வைத்தியர் வந்து பார்த்தார். முதலில் மூட்டு நோவு என்றார். வளரும் நாய்களுக்கு வருவதாம். நான் நூலைக் காட்டினேன். நூலைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். வவுனியாவில் எக்ஸ்றே எடுப்பித்தார். எலும்பும் மூட்டும் சுத்தம்.

"நரம்பிலை கட்டி இருக்கலாம்" என்றார். "ஆனா இந்த வயசிலை வாறது அருமை. கிழட்டு நாய்க்குத்தான் வாறது. நானே ஒண்டும் கண்டதில்லை. மலைநாட்டிலை பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ. சுணங்க வேண்டாம்."

இடது கண்

வாகனத்தில் ஏழு மணித்தியாலம். நோரா என் மடியில் தலையை வைத்துக்கொண்டு வந்தாள். மலை ஏறத் தொடங்கியதும் குளிர்ந்தது. அவளுக்குக் குளிர் பிடிக்கும் என்று அன்றுதான் கண்டேன். யன்னலுக்கு மூக்கை நீட்டினாள்.

பெரிய டொக்டர் சிங்களத்தில் கதைத்தார். தமிழில் சொல்ல ஒரு இளம் டொக்டர் பெண்ணை விட்டார். ரிஸ்னா என்று பெயர். தலையில் முக்காடு. வேகமான கை.

"எங்க இருந்து வாறீங்க?"

"கிளிநொச்சி. வேலை முல்லைத்தீவிலை."

"முல்லைத்தீவா? எங்கட வாப்பாட ஊரு அதுதான். நான் பொறந்தது வளந்தது எல்லாம் புத்தளத்துல."

கதைத்தபடியே நோராவின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் திருப்பினா. யன்னலடிக்குக் கொண்டுபோய் ஒரு கண்ணைப் பார்த்தா. மற்றக் கண்ணைப் பார்த்தா.

"இந்தக் கண் எத்தன நாளா இப்பிடி இருக்கு?"

"தூசி. கழுவினனான்."

"தூசி இல்ல. இங்க பாருங்க. வலது கண்ணுல கறுப்பு பெரிசு. இடதுல சின்னன். இமையும் இறங்கியிருக்கு." பெரிய டொக்டரைக் கூப்பிட்டா. இரண்டு பேரும் சிங்களத்தில் கதைத்தார்கள். பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னா. "காலுக்குப் போற நரம்பும் கண்ணுக்குப் போற நரம்பும் முதுகுத் தண்டுக்குக் கிட்ட ஒண்டாத்தான் வெளிய வருது. கால் மட்டும் எண்டா கட்டி கீழ இருக்கும். கண்ணும் எண்டா மேல போயிட்டுது."

நான் கழுவிக்கொண்டிருந்த கண்.

மயக்கி ஸ்கான் எடுத்தார்கள். ரிஸ்னா படத்தைக் காட்டினா. கமக்கட்டுக்குள் பாக்கு அளவு ஒரு வெள்ளை. நரம்பைச் சுற்றி இருக்கும் உறையில் வளர்வதாம். அந்தப் பாக்கிலிருந்து எலி வால் மாதிரி ஒன்று முதுகுப் பக்கம் போனது.

"எலும்பெல்லாம் பார்த்திட்டுத்தான் இத தேடுவாங்க. அதுக்குள்ள மாசக்கணக்கு போயிடும். நீங்க கமக்கட்டுல தொட்டுப் பாத்தது யார் சொல்லி?"

"வீட்டுக்காரர்."

"அவரும் மிருக வைத்தியரா?"

"சைக்கிள் திருத்துறவர்."

சிரித்தா. நான் விளங்கப்படுத்தவில்லை.

"ஒரு மாசம் முந்திக் கொண்டு வந்திருந்தால்?" என்று கேட்டேன்.

நோராவின் காதைத் தடவிக்கொண்டிருந்தா.

"தெரியாது. உங்களச் சமாதானப்படுத்த ஒண்டு சொல்லலாம். ஆனா தெரியாது."

அந்தப் பதிலுக்காக அவாவை எனக்குப் பிடித்தது.

காலை வெட்டி எடுக்கவேண்டும். எடுத்தாலும் கட்டியின் அந்த எலி வால் எங்கே முடிகிறது என்று உறுதியில்லை. மிச்சம் இருந்தால் திரும்ப வரும். எடுக்காவிட்டால் நோவு கூடிக்கொண்டே போகும். வெட்டி எடுத்ததைச் சோதித்துப் பார்த்துத்தான் பெயரைச் சரியாகச் சொல்வார்களாம். நான் செல்வம் அண்ணைக்குப் போன் எடுத்தேன்.

"வேலைக்கு உதவாத நாய். வீட்டுக்கு எடுக்கிறதெண்டால் உன்ரை பொறுப்பு" என்றார்.

"என்ரைதான்" என்றேன்.

வெட்டி முடியும் வரை வாசலில் ஒரு மர வாங்கில் இருந்தேன். ரிஸ்னா இடையில் ஒருதரம் தேத்தண்ணி கொண்டுவந்து தந்தா. பக்கத்தில் இருந்தா.

"அவங்க ஊர விட்டுப் போனதுல இருந்து வாப்பாட காணியும் பத்தக்காடாத்தான் கிடக்காம். ஒரு கிணறு இருக்காம். அதுல எட்டிப் பாத்தா கடல் சத்தம் கேக்குமாம். நான் கண்டதில்ல. நீங்க அப்பிடிக் கிணறு கண்டிருக்கீங்களா?"

கண்டிருக்கிறேன். ஒன்றல்ல, ஐந்தாறு. எல்லாக் கிணற்றிலும் கடல் கேட்கும்.

"கண்டிருக்கிறன்" என்றேன். "நல்ல தண்ணி."

மூன்று கால்

நோரா கண்டாவளைக்கு மூன்று காலோடு வந்தாள். பத்து நாளில் நடந்தாள். ஒரு மாதத்தில் வரம்பில் ஓடினாள். சோதித்த முடிவு வந்தது. நினைத்த கட்டிதான். வெட்டின ஓரத்திலும் இருந்ததாம். ரிஸ்னா போனில் சொன்னா. நான் "சரி" என்றேன்.

நான் கிழமை நாட்களில் வேலைக்குப் போய்விடுவேன். எனக்கு வேறு நாய் தந்தார்கள். நல்ல நாய். அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

நோரா இவரோடு கடைக்குப் போய்வந்தாள். மோட்டார் சைக்கிளின் முன்னால் பெற்றோல் தாங்கியில் படுத்துக்கொண்டு போவாள். பரந்தன் சனம் எல்லோருக்கும் அவளைத் தெரியும். இவர் மனுசரோடு கதைக்காத கதையெல்லாம் அவளோடு கதைப்பாராம். மரக்கறி அக்கா சொன்னா.

"என்னெண்டு கதைக்கிறார்?"

"நேற்று மழையைப் பற்றி. முந்தநாள் உன்னைப் பற்றி."

"என்னைப் பற்றி என்ன?"

"அது எனக்கும் நாய்க்கும்."

வெள்ளி பின்னேரம் நான் வந்து இறங்கும்போது படலையில் நிற்பாள். வந்து சாய்வாள். முன்னங்கால் ஒன்றுதானே, அதனால் முன்னிலும் கூடப் பாரமாகச் சாய்வாள். சனியும் ஞாயிறும் பந்து எறிவேன். அவள் ஒன்றும் கண்டுபிடிக்கத் தேவையில்லை, குந்தத் தேவையில்லை. சும்மா எறிவேன். முதலில் அவளுக்கு அது விளங்கவில்லை. பந்தை வாயில் வைத்துக்கொண்டு, எதற்குத் தந்தாய் என்று நின்றாள். பிறகு பழகினாள். முற்றத்தில் கோழிகளுக்கு முன்னால் நடந்து காட்டிவிட்டுப் படுத்துக் கடித்தாள்.

ஒரு மாரி போனது. ஒரு அறுவடை போனது. இப்போதும் வெள்ளிக்கிழமை படலையில் இறங்கினால் என் முழங்கால் தன்பாட்டில் இறுகிக்கொள்ளும். பாரம் வரப்போகிறது என்று.

ஐந்தாவது

ஒரு ஞாயிறு காலை. நான் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். நோரா தேசிக்காய் மரத்தடியால் நடந்து வந்தாள். பின்னங்கால் இரண்டும் கொஞ்சம் இழுபட்டது. நின்றாள். மூக்கை மண்ணில் வைத்தாள்.

குந்தினாள். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள்.

எங்கள் காணி எப்போதோ வெடி அகற்றித் துப்புரவாக்கி எழுத்தில் தந்த காணி. அங்கே ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். அவள் ஏன் குந்தினாள் என்றும் தெரியும்.

கையிலிருந்த சட்டையைக் கீழே போட்டேன். பந்து குசினி யன்னலில் இருந்தது. ஓடிப்போய் எடுத்துவந்து கொடுத்தேன். அந்த நேரத்துக்குள் கொடுத்தேன்.

வாயில் வாங்கினாள். வால் மண்ணில் அடித்தது. நடந்து காட்ட எழும்பப் பார்த்தாள். முடியவில்லை. குந்தியபடியே வைத்திருந்தாள்.

நான் அவளைத் தூக்கிக்கொண்டு, வந்த அடியிலேயே கால் வைத்துப் பின்பக்கமாக வந்தேன். நாலு தடி வெட்டி அந்த இடத்தைச் சுற்றி நட்டு, பழைய சிவப்புச் சட்டைத் துணியைக் கிழித்துக் கட்டினேன். இவர் பார்த்துக்கொண்டு நின்றார். செல்வம் அண்ணைக்குப் போன் எடுத்தேன்.

அடுத்த நாள் காலை அவரே வந்தார். முழு உடுப்பும் தலைக்கவசமும் கொண்டுவந்தார்.

"வசந்தி. எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும்."

"தெரியும் அண்ணை. ஆனா குந்தினவள்."

நோராவைப் பார்த்தார். அவள் தாழ்வாரத்தில் சாக்கில் படுத்திருந்தாள்.

"குந்தினவள் எண்டால் தோண்டத்தான் வேணும்" என்றார்.

முழங்காலில் இருந்து, பக்கவாட்டில், விரல் விரலாகச் சுரண்டினார். ஒரு பெட்டிக்குள் செய்வதை ஒன்றும் விடாமல் செய்தார். வெயில் ஏறியது. தேசி வேர் ஒன்று வந்தது. உடைந்த போத்தல் கழுத்து ஒன்று வந்தது. வேறு ஒன்றும் இல்லை. தலைக்கவசத்தைக் கழற்றி வியர்வையைத் துடைத்துவிட்டு, மண்ணைத் திரும்பத் தள்ள மண்வெட்டியை எடுத்தார்.

"விடுங்கோ" என்றார் இவர். "மூடாதையுங்கோ."

செல்வம் அண்ணை இவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மண்வெட்டியை மரத்தில் சாத்திவிட்டுப் போனார்.

நாலாம் நாள் நோரா எழும்பவில்லை. எங்கள் மிருக வைத்தியர் வந்தார். தேசிமரத்தடியில் நிழல் இருந்தது. அவளுடைய தலை என் முழங்காலில் இருந்தது. ஊசி போட்ட பிறகும் பாரம் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அது வேறு பாரமாக மாறியது.

குழியை இவர் கொஞ்சம் அகலமாக்கினார். மண் இளகியிருந்ததால் சுகமாக வந்தது.

"பந்தை வைக்கவோ?" என்று கேட்டார்.

"வையுங்கோ."

வைத்தார். பிய்ந்த பக்கம் வாய்ப்பக்கமாக வைத்தார். மூடினோம். நாலு தடியையும் நான் பிடுங்கினேன்.

பின்னேரம் கிணற்றடியில் கை கால் கழுவினோம். மண்வெட்டி பிடித்ததில் இவருக்கு எரிவு கூடியிருந்தது. வாளித் தண்ணிக்குள் கையை வைத்துக்கொண்டு இருந்தார். நான் எண்ணெய்ப் போத்தலை எடுத்துவந்து அவருடைய கமக்கட்டுப் பக்கம் கையைக் கொண்டுபோனேன்.

என் கையைப் பிடித்தார். கீழே இறக்கினார். விரல்களில் வைத்தார்.

"அங்கை இல்லை. இஞ்சை தேய்."

நோவு அங்கே இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். தேய்த்தேன்.